பிளானிங் போர்ட்டல்: கதியால் நாட்ட முன்னம் வாசிக்க வேண்டிய பக்கம்

2024 பங்குனியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், எங்கள் பின்வளவில் நாலு மரக்கட்டை அடித்து மஞ்சள் நூல் கட்டிவிட்டு கார்டன் ரூம் (வளவுக்குள் கட்டும் தனியறை) கம்பனிப் பெடியன்கள் போய்விட்டார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நூலுக்குள் நின்று, மகன் மிருதங்கத்தை எந்த மூலையில் வைப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அங்காலை இருந்து குரல் வந்தது.

"என்ன பிள்ளை, கதியால் போட்டாச்சோ?"

பக்கத்து வீட்டு மாஸ்டர். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் வசனம் அது. யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் காரம் விளங்கும். வேலி அடைக்கிற சாட்டில் கதியாலை ஒரு விரற்கடை அங்காலை தள்ளி நாட்டுவது, அடுத்த முறை இன்னொரு விரற்கடை; கடைசியில் இரண்டு குடும்பமும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லாமல் கோடு கச்சேரி ஏறி நிற்கும். லண்டனின் வடமேற்கு மூலையில், ஆறடி மரப்பலகை வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எழுபத்தாறு வயது மனிசன் என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கம்பியூட்டரைத் திறந்துகொண்டு இருந்தேன். அப்போதுதான் பிளானிங் போர்ட்டல் என்ற இணையத்தளத்தை முதல்முதலாக ஒழுங்காக வாசித்தேன்.

இங்கிலாந்தில் வீடு வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் கொட்டில், கார்டன் ரூம், கிறீன்ஹவுஸ் என்று எதைக் கட்ட நினைத்தாலும், கம்பனிக்கு ரெலிபோன் எடுக்க முன்னம் பார்க்க வேண்டிய இடம் அது. இன்னின்ன வேலைக்கு அனுமதி வேண்டுமா இல்லையா என்று படம் போட்டு விளக்கும் பக்கங்கள் இலவசம். விண்ணப்பத்தையும் அங்கிருந்தே உங்கள் கவுன்சிலுக்கு அனுப்பலாம். தீர்மானிக்கிறது கவுன்சில்தான்.

மாஸ்டரோடு என்ன கோபம் என்பதைச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. 2022 மாசி 18ஆம் திகதி யூனிஸ் புயல் அடித்ததே, அன்றைக்கு எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த வேலியில் நாலு பலகை விழுந்துவிட்டது. "இடப்பக்க வேலி உங்கடை, அதுதான் இந்த நாட்டுச் சட்டம்" என்றார் அவர். "இல்லை மாஸ்டர், உங்கடை" என்றேன் நான். இரண்டு பேரும் பிழை. இடப்பக்கம் வலப்பக்கம் என்று இங்கே ஒரு சட்டமும் இல்லை. வீட்டு உறுதியில் எழுதியிருக்க வேண்டும், அல்லது காணிப் படத்தில் எல்லைக் கோட்டில் ஆங்கில 'T' (ரி) அடையாளம் இருக்க வேண்டும். லாண்ட் ரெஜிஸ்ரி என்ற காணிப் பதிவகத்தில் அப்போது மூன்று பவுண் கட்டிப் படத்தை எடுத்தேன். அதில் அடையாளம் ஒன்றும் இல்லை. சிவப்புக் கோடும்கூட எல்லை ஏறத்தாழ எங்கே போகிறது என்று காட்டுகிற பொதுக் கோடுதான்; அதை வைத்து அங்குலக் கணக்குப் பார்க்க முடியாது. கடைசியில் நாங்களே பலகை வாங்கிப் போட்டோம். போடும்போது தூண் எங்கள் பக்கமா அவர் பக்கமா என்று இன்னொரு வாக்குவாதம். அதோடு கதை பேச்சு நின்றது. கோயிலில் கண்டாலும் அவருடைய மனைவி அன்ரி மட்டும் தலையாட்டுவா.

கம்பனியின் விற்பனைக்காரர் வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வியே அனுமதி பற்றித்தான். "அனுமதி ஒன்றும் தேவையில்லை, எல்லாம் பேர்மிற்றட் டெவலப்மென்ட்" என்றார். விண்ணப்பம் போடாமலே கட்டலாம் என்று சட்டம் பொதுவாகத் தருகிற உரிமை அது. இரண்டரை மீற்றர் உயரம் என்றார். நம்பி முப்பது வீதம் முற்பணம் கட்டினேன். அந்தக் கம்பனியின் பெயரை இங்கே போடவில்லை. அவர் சொன்ன வசனத்தை எத்தனையோ கம்பனிகள் சொல்கின்றன. அதில் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

போர்ட்டலில் வீட்டுக்கு வெளியே கட்டும் கட்டடங்கள் பற்றிய பக்கத்தை வாசித்தபோது எனக்கு உடம்பு சுட்டது. தாவாரம் வேறு, முகடு வேறு. தாவார உயரம் இரண்டரை மீற்றருக்கு மேல் போகக்கூடாது. முழு உயரம், இருபக்கச் சரிவுக் கூரை என்றால் நாலு மீற்றர், மற்றக் கூரைகளுக்கு மூன்று மீற்றர். ஆனால் கட்டடம் எல்லையில் இருந்து இரண்டு மீற்றருக்குள் வந்தால் முழு உயரமே இரண்டரைதான். கம்பனிக்காரர் சொன்ன இரண்டரை, தாவாரத்தின் இரண்டரை. எங்கள் அறைக்கு ஒருபக்கச் சரிவுக் கூரை. முன்பக்கம் கதவுப் பக்கமாக அது இன்னும் 15 சென்ரிமீற்றர் எழும்புகிறது. நூல் கட்டியிருந்த இடமோ மாஸ்டரின் வேலியில் இருந்து 60 சென்ரிமீற்றர்.

அதோடு முடியவில்லை. அரசாங்கம் இதே விதிகளுக்கு ஒரு தொழில்நுட்ப வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, 2019 புரட்டாதியில் வந்தது, அதையும் இலவசமாக எடுக்கலாம். உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதை அதில் பார்த்தேன். கட்டடத்தை ஒட்டிய நிலத்தில் இருந்துதான் அளக்க வேண்டும். நிலம் சரிவாக இருந்தால், ஒட்டியிருக்கிற நிலத்தில் எது உயர்ந்த இடமோ அதிலிருந்து. கம்பனியின் படத்தில் அளவு தொடங்கியது அறையின் தரையில் இருந்து. அந்தத் தரை, நிலத்தின் மிக உயர்ந்த இடத்துக்கும் மேலே 15 சென்ரிமீற்றர் தூக்கி வைத்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது. ஆக 2.50, அதோடு 15, இன்னொரு 15. மொத்தம் 2.80. சட்டத்துக்கு மேலே 30 சென்ரிமீற்றர், ஒரு பள்ளிக்கூட அடிமட்டத்தின் நீளம்.

இன்னொன்றையும் அங்கேதான் படித்தேன். கட்டடத்தின் ஏதாவது ஒரு பகுதி இரண்டு மீற்றருக்குள் இருந்தாலே போதும், முழுக் கட்டடத்துக்கும் இரண்டரை என்ற கட்டுப்பாடு வந்துவிடும். வேலிப் பக்கத்தைப் பணித்துக் கட்டி மற்றப் பக்கத்தை உயர்த்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லை என்றால் பக்கத்து வேலி மட்டுமல்ல, பின்வேலியும் எல்லைதான்.

திங்கட்கிழமை கம்பனிக்கு எடுத்தேன். "எங்களுடைய மற்ற வாடிக்கையாளர்கள் ஒருவரும் முறைப்படவில்லையே" என்பது பதில். வேறு படம் கீறுவதற்கு மேலதிகக் காசு கேட்டார்கள். போர்ட்டலின் பக்கத்தையும் வழிகாட்டியின் அந்த ஒரு பக்கத்தையும் அச்சடித்து, மஞ்சள் மையால் கோடு போட்டு அனுப்பினேன். இரண்டு கிழமை இழுபட்டு, காசு இல்லாமலே படத்தை மாற்றித் தந்தார்கள். அறைக்குள் உயரம் 2.10 மீற்றருக்கு இறங்கியது. மகன் ஆறடிக்குப் பக்கத்தில் நிற்கிறான், கையைத் தூக்கினால் கூரை தட்டும். இருந்து வாசிக்கிற மிருதங்கத்துக்கு அது போதும்.

மாஸ்டர் இதற்குள் கவுன்சிலுக்கு ரெலிபோன் எடுத்துவிட்டார் என்று அன்ரி கோயில் வாசலில் வைத்து என்னிடம் சொன்னா. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது என்னவென்று யோசிக்க வேண்டியிருந்தது. அவருடைய கிறீன்ஹவுஸ் வேலிக்குக் கிட்ட நிற்கிறது. தையில் வீட்டுக்குள் முளைக்க வைத்து, சித்திரையில் அங்கே கொண்டுபோய் வைப்பது அவருடைய பச்சை மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும். எங்கள் வளவு அவருக்கு மேற்கே. பின்னேர வெயில் எங்கள் பக்கத்தால்தான் அவருக்கு வருகிறது.

சித்திரை நடுப்பகுதியில் ஒரு நல்ல வெயில் நாள். நான் புதுப் படத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மாஸ்டர், நான் கதைக்க வரேல்லை. ஒருக்கா வந்து நிழலைப் பாருங்கோ."

அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கையில் தன் பழைய உருக்கு அளவு ரேப்போடு வந்தார். மகன் ஒரு மரச்சட்டத்தை 2.80க்கு வெட்டி, 2.50 இல் சிவப்பு ரேப் ஒட்டி வைத்திருந்தான். வேலிப் பக்க மூலைக்கட்டையோடு சேர்த்து அதை நிமிர்த்திப் பிடித்தான். மாஸ்டர் முதலில் சட்டத்தை அளந்தார். பிறகு நிலத்தைப் பார்த்து, "இல்லை, இதிலை நிலம் பள்ளம். மேட்டிலை வை" என்றார். வழிகாட்டியில் இருப்பதை அவர் வாசிக்காமலே சொன்னார். மேட்டில் வைத்தோம்.

நேரம் நாலு மணி. சட்டத்தின் நிழல் வேலியில் ஏறி, வேலிக்கு அங்காலை இறங்கி அவருடைய பக்கம் விழுந்தது. அவர் அங்காலை போய் நின்றுகொண்டு சத்தம் போட்டார். "நுனி கண்ணாடியிலை விழுது பிள்ளை. முதல் கண்ணாடி." மகன் சட்டத்தை இறக்கி, சிவப்புக் கோட்டில் அரிந்தான். திரும்ப நிமிர்த்தினோம். "இப்ப?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "வாசல்படியோடை நிக்குது" என்றார்.

கணக்குப் பார்த்தால் அந்த நேரத்துச் சூரியனுக்கு இரண்டரை மீற்றரின் நிழல் சமநிலத்தில் மூன்றரை மீற்றர் சொச்சம். முப்பது சென்ரிமீற்றர் கூடினால் நிழல் இன்னும் நாற்பது சென்ரிமீற்றருக்கு மேல் நீளும். சட்டப் புத்தகத்தில் ஏன் இரண்டு மீற்றர், ஏன் இரண்டரை என்று அதுவரை நான் யோசித்ததில்லை. யாரோ ஒரு உத்தியோகத்தர் மேசையில் இருந்து போட்ட இலக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வேலிக்கு அங்காலை அந்த இலக்கம் பத்துப் பன்னிரண்டு மிளகாய்க் கன்று.

நிழலைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது நிழலைப் பற்றியே அல்ல. "மழைத்தண்ணி எங்கை விழும்?" என்றார். கூரை வேலிப் பக்கம் சரிகிறது. படத்தில் பீலி இல்லை. தண்ணீர் முழுக்க அவருடைய கீரைப் பாத்திக்குள் இறங்கியிருக்கும். நான் அதைக் கவனிக்கவே இல்லை, கம்பனிக்காரரும் சொல்லவில்லை. கூரையும் பீலியும் ஒரு சென்ரிமீற்றர்கூட எல்லையைத் தாண்டக்கூடாது, எங்கள் தண்ணீர் எங்கள் வளவுக்குள்தான் விழவேண்டும். பீலி போட்டு, எங்கள் பக்கம் ஒரு தண்ணீர்ப் பீப்பா வைப்பதென்று அந்த இடத்திலேயே முடிவு செய்தோம்.

இனி விண்ணப்பம். இரண்டரைக்குள் இறங்கிய பிறகு சட்டப்படி எனக்கு ஒரு கடிதமும் தேவையில்லை. ஆனாலும் லோஃபுல் டெவலப்மென்ட் சேர்ட்டிபிக்கற் ஒன்று எடுத்தேன். திட்டமிட்ட வேலை சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று கவுன்சில் தரும் சான்றிதழ் அது. வேலை தொடங்க முன்னம் கேட்டால் கட்டணம் சாதாரண அனுமதி விண்ணப்பத்தின் பாதி. அப்போது முழுக் கட்டணம் 258 பவுண், எனக்கு 129, அதோடு போர்ட்டலின் சேவைக் கட்டணம். 2025 சித்திரையில் கட்டணங்கள் மாறிவிட்டன, போர்ட்டலிலேயே கட்டணம் கணக்குப் பார்க்கும் பகுதி இருக்கிறது, அதில் பாருங்கள்.

இந்தச் சான்றிதழில் அயலவரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. அளவு சரியா, பாவனை சரியா, அவ்வளவுதான். சாதாரண அனுமதி விண்ணப்பம் என்றால் அயலவர் ஆட்சேபணை எழுதலாம். வெளிச்சம் மறைவது, உள்ளே எட்டிப் பார்ப்பது போன்ற காரணங்களைக் கவுன்சில் கணக்கில் எடுக்கும். வீட்டு விலை குறையும், காட்சி மறையும் என்பவை எடுபடாது. அந்த வித்தியாசத்தை மாஸ்டருக்கு நான் மறைக்காமல் சொன்னேன். "அப்ப நான் எழுதினாலும் வேலையில்லை" என்றார். "ஓம் மாஸ்டர். அதுதான் முதல்லை உங்களிட்டை வந்தனான்" என்றேன்.

படங்கள்தான் கஷ்டம். 1:1250 அளவில் இடப்படம், வீட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு, வடக்குக் குறி. பிறகு அறை எல்லையில் இருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் வளவுப் படம். நாலு பக்கத் தோற்றமும் உயரங்களோடு. இடப்படத்தைப் போர்ட்டலிலேயே காசு கொடுத்து வாங்கலாம். உயரம் எழுதும் இடத்தில் நிலமட்டத்தைக் கோடு போட்டுக் காட்டி, "மிக உயர்ந்த நிலத்தில் இருந்து 2.48" என்று எழுதினேன். இரண்டு சென்ரிமீற்றர் விட்டது வேண்டுமென்றே. கொங்கிறீற் ஊற்றும் பெடியனுடைய கை ஒரு நாள் எழும்பும், ஒரு நாள் இறங்கும். வைகாசியில் அனுப்பினேன், எட்டுக் கிழமைக்குள் சான்றிதழ் வந்தது. வீடு விற்கிற காலத்தில் வாங்குபவரின் சொலிசிற்றர் கேட்பார், எடுத்து நீட்டலாம்.

மச்சான் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அதுக்குள்ளை ஒரு சின்னக் குளியலறையும் போட்டுவிடு, ஒரு ஸ்ரூடன்ற்றுக்கு வாடகைக்கு விடலாம்" என்றார். நல்ல மனிசன், என் நன்மைக்குத்தான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த விதி தருகிற அனுமதி, வீட்டுப் பாவனைக்கு ஒத்தாசையான கட்டடத்துக்கு. பொழுதுபோக்கு, உடற்பயிற்சி, மேசை போட்டு வேலை செய்வது சரி. தனியாக ஒருவர் குடியிருப்பதற்கு இது இல்லை. நாங்கள் வந்த புதிதில் எத்தனை பேர் கொட்டில்களுக்குள் படுத்து எழும்பினார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் குளிரும் ஈரமும் தெரியும். 2013இல் ஸ்லவ் கவுன்சில் விமானத்தில் வெப்பக் கமரா பூட்டி, எந்தக் கொட்டிலில் ஆள் குடியிருக்கிறது என்று தேடியது. நாலு வருடம் பிடிபடாமல் இருந்தால் சரி என்று முன்பு சொல்வார்கள். 2024 சித்திரை 25இல் இருந்து இங்கிலாந்தில் அது பத்து வருடம்.

போர்ட்டலுக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம் தருகிறேன். ஒன்றைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அது பொது விதியைத்தான் சொல்லும், உங்கள் வீட்டைப் பற்றி அதற்குத் தெரியாது. உங்கள் தெருவில் ஆர்ட்டிக்கிள் ஃபோர் என்ற உத்தரவு இருந்து இந்த உரிமையையே எடுத்திருக்கலாம். வீடு கட்டிய காலத்து அனுமதியில் நிபந்தனை போட்டு எடுத்திருக்கலாம். ஃபிளற், மெசொனெற் என்றால் இந்த உரிமை கிடையாது. இவற்றைக் கவுன்சிலில்தான் கேட்கவேண்டும். மூலவீடு நிற்கும் இடத்தைத் தவிர்த்த வளவில் பாதிக்கு மேல் கட்டடம் நிற்கக்கூடாது என்ற கணக்கிலும் கவனம் தேவை. 1948 ஆடி முதலாம் திகதி வீடு எப்படி இருந்ததோ, பிறகு கட்டியது என்றால் முதலில் எப்படிக் கட்டினார்களோ, அதுதான் மூலவீடு. அதற்குப் பிறகு யார் சேர்த்த கொன்சர்வேற்றரியும் (கண்ணாடி அறை) உங்கள் கணக்கில்தான் விழும்.

கட்டட ஒழுங்குவிதி வேறு விஷயம். எங்கள் அறை நாலு மீற்றருக்கு மூன்றரை, பதினாலு சதுர மீற்றர். பதினைந்துக்குக் கீழே, படுக்கையும் இல்லை என்பதால் அந்த அனுமதி தேவைப்படவில்லை. மின்சாரத்துக்குப் பதிவு செய்த எலெக்ற்றீசியனைப் பிடித்துச் சான்றிதழ் வாங்கினோம். பக்கத்து வீட்டுக் கட்டடத்தில் இருந்து மூன்று மீற்றருக்குள், அதன் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுகிறவர்கள் 1996ஆம் ஆண்டுப் பார்ட்டி வோல் சட்டப்படி ஒரு மாதத்துக்கு முன்னமே அறிவித்தல் கொடுக்க வேண்டும். மாஸ்டரின் வீட்டுச் சுவர் எங்கள் அறையில் இருந்து எட்டி நிற்கிறபடியால் அது எங்களுக்கு வரவில்லை.

அறை ஆவணியில் எழும்பியது. முடிந்த அன்று மாஸ்டர் ரேப்போடு வந்து மேட்டில் இருந்து அளந்தார். 2.47. ஒன்றும் சொல்லாமல் ரேப்பைச் சுருட்டிப் பொக்கற்றுக்குள் போட்டார். பீலியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லி, பீப்பாவுக்குள் விழுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

மிருதங்கச் சத்தம் பற்றி மட்டும் இன்னும் முழுதாக முடியவில்லை. சுவருக்குள் கம்பளி அடைத்தும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து (இடப்பக்கம்) சத்தம் வெளியே போகிறது. இரவு ஏழரைக்குப் பிறகு வாசிப்பதில்லை என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம். ஏழு என்கிறார் அவர். தைப்பொங்கலுக்கு முன்னம் கதைக்கலாம் என்றிருக்கிறார்.